லாரி ஏறிப்போன டவர்

அழைப்பை மதியழகன் துண்டிக்கவில்லை. இதை எழுத்தில் இரண்டு தடவையும் வாயால் இருநூறு தடவையும் அவன் சொல்லியாயிற்று. கேட்கிறவர்கள் காதில் போட்டுக்கொண்டால்தானே.

மதியழகன் ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து, ஆக்சிஜன் வைத்து, நாடி பார்த்து, ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறான். ஆனால் முக்கியமான ஊசி எதையும் அவனாகப் போட முடியாது. கன்ட்ரோல் ரூமில் ஒரு டாக்டர் இருப்பார். அவரிடம் ஃபோனில் நிலைமையைச் சொல்லி, அவர் உத்தரவு கொடுத்த பிறகுதான் போட வேண்டும். அந்தப் பேச்சு முழுக்கப் பதிவாகும். வண்டிக்கென்று கொடுத்த ஃபோனில் பேசினால்தான் பதிவாகும். சொந்த ஃபோனில் கேட்டு ஊசி போட்டால் அதற்குத் தனியாக ஒரு விசாரணை.

இதில் இன்னொரு சட்டமும் உண்டு. டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போது டெக்னீஷியன் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. டாக்டர்தான் வைக்க வேண்டும். மீறினால் மெமோ. மூன்று மெமோ வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

மதியழகனுக்கு இரண்டு வந்துவிட்டது.

இரண்டும் ஒரே இடத்தில். அம்பகரத்தூரிலிருந்து திருநள்ளாறு நோக்கி வரும்போது, சுரக்குடிக்குப் பிரிகிற சாலையைத் தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பழைய ரைஸ்மில். மில்லைத் தாண்டியதும் டாக்டர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பாலத்தில் ஏறும்போது வார்த்தை பாதிப் பாதியாக வரும். இறங்கும்போது செத்துப்போகும். உடனே திரும்ப அடித்தாலும் பிரயோஜனமில்லை. முதலில் ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் வரவேற்கும். பிறகு வரிசை. இணைப்பு அறுந்த அந்த விநாடியே அந்த டாக்டருக்கு அடுத்த கேஸ் தானாக வந்து விழுந்திருக்கும். ஆகையால் வேறொரு டாக்டர் கிடைப்பார். அவரிடம் பெயர், வயது என்று ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இரண்டாவது தடவை அப்படி ஆனபோது வண்டியில் இருந்தது மூச்சுத் திணறலோடு ஒரு பதினோரு வயதுப் பெண். பிழைத்துக்கொண்டாள். அது அவள் அதிர்ஷ்டம்.

"சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது தம்பி," என்றார் மேற்பார்வையாளர் குஞ்சிதபாதம். காரைக்காலில் உள்ள ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் மெமோ எழுதுவதும் அதற்கு விளக்கம் வாங்குவதும் அவர் பொறுப்பு. "டெக்னீஷியன் தரப்பில் துண்டிப்பு. நான் என்ன பண்றது?"

"சார், டவர் போயிருச்சு சார். நான் கையே வைக்கல."

"டவர் போனாலும் ஒன் பக்கம்தானே போச்சு? டாக்டர் பக்கம் போகலையே?"

"அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? டவரைத் தலையில தூக்கிட்டா போக முடியும்?"

"கோவிச்சுக்காதப்பா. டவர் இல்லைன்னு அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு எழுத்து வாங்கிட்டு வா. ஃபைல்ல சேத்துடுறேன்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மதியழகன் செல்ஃபோன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தான். நான்கு தடவை கொடுத்தான். இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள். பைக்கைப் பாலத்து ஓரம் நிறுத்தினார்கள். ஃபோனை உயரே தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தன் அங்கேயே நின்று தன் மாமியாருக்கு ஃபோன் போட்டு ஏழு நிமிடம் பேசினான். "சார், டவர் ஃபுல்லு. கிரிஸ்டல் மாதிரி கேக்குது," என்றான். அன்று சாயங்காலமே புகார் முடிக்கப்பட்டது, தங்கள் சேவையில் மகிழ்ச்சியா என்று கேட்டு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மதியழகன் அந்தச் செய்திக்கு அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

மற்ற இரண்டு தடவை ஆளே வராமல் முடித்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் கைபேசியில் கோளாறாம். ஆம்புலன்ஸ் ஃபோனை மாற்றிப் பார்த்தான். சிம்மை மாற்றிப் பார்த்தான். பாலம் மட்டும் மாறவில்லை.

வண்டி ஓட்டுகிற காஜா நஜ்முதீன் திருமலைராயன்பட்டினத்துக்காரர். பத்து வயது மூத்தவர். எதையும் சிரித்தே கரைக்கிறவர். "பஸ்ஸுல போற பொம்பளைங்களுக்கு இருக்கிற புத்தி ஒங்க கம்பெனிக்கு இல்ல மதி," என்பார்.

அது உண்மைதான். அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காய்கறிக் கூடையோடு போகிறவள், கல்லூரிக்குப் போகிறவள், யாராக இருந்தாலும் ரைஸ்மில் தெரிந்ததும், "சரி, பாலம் வருது, வைக்கிறேன். தாண்டிக் கூப்பிடுறேன்," என்று வைத்துவிடுவார்கள். பாலம் தாண்டியதும் பேச்சு விட்ட இடத்தில் தொடரும். அந்தப் பக்கம் இருப்பவர்களும் காரணம் கேட்பதில்லை. கோயில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி அது ஆகிவிட்டது. மதியழகன் அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வைக்கலாம். அவன் வைக்க முடியாது.

ஐந்தாவது புகாருக்குத்தான் பிரதீபா வந்தாள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வெள்ளைக் காரில் வந்தாள். முப்பது வயதிருக்கும். கம்பெனிக்காக டவர்களைச் சோதிக்கிற ஒப்பந்தக்காரரிடம் எஞ்சினியர். மடியில் லேப்டாப், அதில் செருகிய இரண்டு ஃபோன், முகத்தில் காலையிலிருந்து சாப்பிடாத களை. காரைப் பாலத்து ஓரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஃபோனைப் பார்த்தாள்.

"இங்க சிக்னல் நல்லா இருக்கே சார்."

அன்று மதியழகனுக்கு விடுமுறை. பெண்டாட்டி அமுதம் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் போகாமல், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இந்த வெயிலில் வந்து நிற்கிறான். பொறுமை போய்விட்டது.

"நிக்காதீங்க மேடம்! நின்னா நல்லாத்தான் இருக்கும். வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னா? ஆம்புலன்ஸு எந்த ஊர்ல நின்னுக்கிட்டுப் போவும்? பேசிக்கிட்டே போனாத்தான் அறுக்கும். போங்க. ஏறுங்க வண்டியில. பேசிக்கிட்டே போங்க!"

கத்திவிட்டோமே என்று அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. புருவத்தைச் சுருக்கி அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"பேசிக்கிட்டே போனா மட்டுமா? பேசாம போனா?"

"பேசாம போனா ஒண்ணும் ஆகல. பாலம் தாண்டி அடிச்சா ஒழுங்கா போகுது."

"இத ஏங்க நாலு புகார்லயும் எழுதல?"

"நாலுலயும் எழுதியிருக்கேன் மேடம்."

அவள் காரில் ஏறினாள். அவனையும் பக்கத்தில் ஏறச் சொன்னாள். அம்பகரத்தூர் பக்கம் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி, ஒரு ஃபோனில் அழைப்பைப் போட்டுப் பேசவிட்டு, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க பேசுறது ஒரு பக்கம். அதுக்கு அடியில ஃபோனும் டவரும் தனியா பேசிக்கிட்டே இருக்கும். அதுதான் இது," என்றாள். "இப்போ நாம அம்பகரத்தூர் டவர்ல இருக்கோம். ஃபோன் அதுக்கிட்ட அப்பப்ப சேதி சொல்லும். ஒன் சத்தம் இவ்வளவு கேக்குது, பக்கத்து டவர் இவ்வளவு கேக்குதுன்னு. பக்கத்துது நல்லா கேட்டா, டவர்தான் உத்தரவு போடணும். சரி, நீ அங்க போயிடுன்னு. பேச்சு ஓடிக்கிட்டு இருக்கிறப்ப ஃபோன் தன் இஷ்டத்துக்கு மாறாது. உத்தரவு வரணும்."

"என் பொழப்பு மாதிரி," என்றான் மதியழகன்.

"அப்படித்தான். பேச்சு இல்லாம சும்மா இருந்தா அதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. எது நல்லா கேக்குதோ அதுல போய் அதுவா ஒட்டிக்கும். யாரையும் கேக்காது."

ரைஸ்மில் வந்தது. கார் அதே வேகத்தில் போனது. திரையில் ஒரு வரி வந்தது. பிரதீபா விரலை வைத்துக் காட்டினாள். "பாருங்க. இருநூத்திப் பதினேழு நல்லா கேக்குதுன்னு சொல்லுது. அது சுரக்குடி பக்கம் வந்திருக்கிற புது டவர். இப்போ உத்தரவு வரும்."

உத்தரவு வரவில்லை. அதே வரி மறுபடியும் வந்தது. 217 நன்றாகக் கேட்கிறது. மறுபடியும். 217 நன்றாகக் கேட்கிறது. பாலம் ஏறியது. ஃபோனில் குரல் உடைந்தது. 217. 217. 217. திரை முழுக்க அதே வரி. பதில் என்று ஒன்றும் இல்லை. பிறகு சிவப்பாக ஒரு வரி வந்தது, அழைப்பு செத்தது.

மதியழகனுக்கு அந்த ஃபோன்மீது இரக்கமே வந்துவிட்டது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறது பாவம். அவனாவது ஐந்து புகாரோடு நிறுத்திக்கொண்டான்.

அன்று அதே சாலையில் ஆறு தடவை போய் வந்தார்கள். ஆறு தடவையும் அதே கதை. பிரதீபா யார் யாருக்கோ ஃபோன் போட்டாள். ஒருத்தர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், ஒருத்தர் மாற்றலாகிப் போயிருந்தார். மூன்றாவது ஆள் ஏதோ ஒரு பட்டியலை அனுப்பினார். அதைத் திறந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போன சனிப்பெயர்ச்சி ஞாபகம் இருக்கா?"

காரைக்காலில் யாரிடம் கேட்கிற கேள்வி இது? திருநள்ளாற்றில் லட்சக்கணக்கில் ஜனம். நான்கு நாள் வீட்டுக்குப் போகாமல் அவனும் காஜாவும் வண்டியிலேயே கிடந்தார்கள்.

"அப்போ கூட்டத்துக்காக ஒரு டவரை லாரியில கொண்டுவந்து, வண்டி நிறுத்துற வயல்ல வச்சோம். திருவிழா முடிஞ்சதும் லாரி போயிடுச்சு. அதுக்குக் கொடுத்த நம்பர் இருநூத்திப் பதினேழு. அம்பகரத்தூர் டவரோட பக்கத்து வீட்டுப் பட்டியல்ல அதை எழுதினவங்க, திரும்ப அழிக்கல. நம்பர் சும்மாதானே கெடக்குன்னு சுரக்குடி புது டவருக்கு அதே நம்பரைக் கொடுத்துட்டாங்க."

மதியழகனுக்குப் புரிய ஆரம்பித்தது. "ஃபோன் சுரக்குடி டவரைச் சொல்லுது."

"ஆமா. அம்பகரத்தூர் டவர் பட்டியலைப் பாத்து, ஓ லாரி டவரான்னு அதோட கதவைத் தட்டுது. உள்ள ஆளு இருந்தாத்தானே திறக்கும்? டவரும் தட்டிக்கிட்டே நிக்குது, ஃபோனும் சொல்லிக்கிட்டே இருக்கு. நடுவுல ஒங்க கால் போயிடுது."

"சனி பகவானே பெயர்ந்துட்டாரு. இந்த டவர் பெயரல," என்றான். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஒரு வரிங்க. ஒரே ஒரு வரியை அழிக்கணும். பழைய லாரியோட வரி."

"அப்போ அழிங்க."

அங்கேதான் சிரிப்பு நின்றது. அழிக்கிற அதிகாரம் அவளிடம் இல்லை. சென்னைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அங்கேயே, காரில் உட்கார்ந்தபடியே நிரப்பி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. குறிப்பிட்ட டவர் தற்போது இயங்கவில்லை, எனவே அதன் பெயரில் மாற்றம் செய்ய இயலாது.

மதியழகன் இரண்டு தடவை படித்தான். "டவர் இல்ல, அதனால அழிக்கணும்ங்கிறோம். டவர் இல்ல, அதனால அழிக்க முடியாதுங்கிறாங்க."

"ஆமா."

"அந்த லாரியை மறுபடி கொண்டாந்து நிறுத்தினாத்தான் அழிப்பாங்களா?"

"இதுக்கு வேற வழி இருக்கு. கையால ஒப்புதல் வாங்கணும். பதினாலு நாள் ஆகும்." அவள் லேப்டாப்பை மூடினாள். "நீங்க எங்களைத் திட்டுறீங்க. நான் என் ஆபீசுக்கு அந்த ஃபோன் மாதிரித்தான் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கேன். என்னை யார்கிட்ட திட்டச் சொல்றீங்க?"

அவன் கேட்டான். "பதினாலு நாளைக்குள்ள எனக்கு ஒரு கேஸ் வந்தா?"

அவள் யோசித்துச் சொன்னாள். "பாலத்துக்கு முன்னால, மில்லு வர்றதுக்குள்ள நீங்களே கட் பண்ணிடுங்க. நெட்டு ஆஃப்ல இருக்கட்டும். கட் பண்ணினாலும் டவர் உடனே விடாது, ஒரு பத்து செகண்டு பிடிச்சு வச்சிருக்கும். பத்து எண்ணுங்க. அதுக்கப்புறம் ஃபோன் சும்மா ஆயிடும். சும்மா ஆயிடுச்சுன்னா அதுவா சுரக்குடி டவருக்குப் போயிடும். பாலம் தாண்டி யாராவது கூப்பிட்டா சுத்தமா அடிக்கும். அறுந்துடாம பிடிச்சுக்கிட்டே இருக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசம்."

பாலம் வருது, வைக்கிறேன். தாண்டிக் கூப்பிடுறேன். கூடைக்காரிகள் இதைத்தானே ஆறு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்! படித்தவர்கள் நான்கு பேர் பாலத்தில் நின்று ஃபோனைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரதீபா தன் அறிக்கையின் நகல் ஒன்றைக் குஞ்சிதபாதத்துக்கும் அனுப்பிவைத்தாள்.

ஒப்புதல் ஒன்பதாவது நாளில் யார் மேசையிலோ கிடந்தபோது அந்தக் கேஸ் வந்தது.

காலை பத்தரை மணி. அம்பகரத்தூருக்கு மேற்கே ஒரு வயல். சுப்ராயன் என்கிற விவசாயி சம்பாப் பயிருக்கு மருந்து அடித்திருக்கிறார். காற்று மாறி வீசியிருக்கிறது. முகத்தில் துணிகூடக் கட்டவில்லை. பாதி வயலில் மயங்கி விழுந்துவிட்டார். மதியழகன் போனபோது வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் காதை வைக்காமலே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. சட்டையைக் கழற்றி, வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவி, வண்டியில் ஏற்றினார்கள். கூடவே அவர் மனைவி நீலாயதாட்சி ஏறினாள்.

"காத்து மாறுது, வந்துடுங்கன்னு கத்தினேன் சார். இன்னும் ரெண்டு டேங்குதான்னாரு. கேக்கலையே சார்!" என்று அழுதாள்.

டாக்டர் இஃபாத் கிடைத்தார். நிலைமையைக் கேட்டதும் முதல் ஊசிக்கு உத்தரவு கொடுத்தார். அட்ரோபின், பூச்சிமருந்து விஷத்தை முறித்து நெஞ்சில் சேரும் தண்ணீரைக் காயவைக்கிற மருந்து. போட்டான்.

"இதோட நிக்காதுங்க," என்றார் டாக்டர். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சு சத்தமும் நாடியும் எனக்குச் சொல்லணும். காயலைன்னா முந்தின டோஸ் மாதிரி ரெண்டு மடங்கு. நாடி ரொம்ப எகிறிட்டா நிறுத்தணும். அதைப் பாத்து நான் சொல்வேன். நீங்களா போட்டுறாதீங்க. லைன்லயே இருங்க."

லைனிலேயே இருங்க. வண்டி சைரனோடு பறந்தது. மதியழகன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். ஐந்தாவது நிமிடம் எங்கே வந்து முடியும் என்று கணக்குப் போட அவனுக்கு வாத்தியார் தேவையில்லை. பாலத்து நடுவில். அங்கே அறுந்தால் வரிசை, மூன்று மொழி வரவேற்பு, புது டாக்டர், பெயர், வயது. அதற்குள் சுப்ராயனின் நெஞ்சில் இருக்கிற தண்ணீர் அவரை முடித்துவிடும். மெமோ வரும் என்ற பயமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அவன் கண்முன் வந்து போனது.

"மதி," முன்னாலிருந்து காஜா கத்தினார். "மில்லு தெரியுது!"

மதியழகன் ஃபோனை வாயருகே கொண்டுபோனான். "டாக்டர், நான் இப்போ கட் பண்ணப் போறேன். டவர் போகல. நானேதான் பண்றேன். கரெக்டா ஒரு நிமிஷம் கழிச்சு இதே நம்பருக்கு நீங்க கூப்பிடுங்க. அதுவரைக்கும் அடுத்த கேஸ் எடுத்துடாதீங்க, ஒங்க காலுல விழுறேன்."

"கட் பண்ணக் கூடாதுன்னு தெரியும்தானேங்க?" டாக்டரின் குரல் கூர்மையானது. "ரெக்கார்ட் ஆகுது."

"தெரியும் டாக்டர். ஆகட்டும். கட் பண்ணலைன்னா ரெண்டு பேரும் ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருப்போம், இவரு போயிடுவாரு."

டாக்டர் இறங்கிவந்தார். "சரி. ஊசியை ஏத்திக் கையில வச்சிருங்க. போடாதீங்க. நான் கூப்பிட்டதும் நாடி சொல்லணும். வைங்க."

வைத்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் விரல் அந்தச் சிவப்பு வட்டத்தை அழுத்தியது.

ஒன்று. இரண்டு. மூன்று. ரைஸ்மில் போனது. "எதுக்குங்க வச்சீங்க? டாக்டர் பேசிக்கிட்டுத்தானே இருந்தாங்க?" நீலாயதாட்சி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. ஏழு. எட்டு." மருந்தை ஊசிக்குள் ஏற்றினான். பத்து. ஃபோன் திரையில் கோடுகள் ஒன்றுக்கு இறங்கின. பாலம் ஏறியது. சுப்ராயனின் மூச்சு கரகரவென்று இழுத்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினான். அப்போது திரையில் இரண்டு கோடு. பாலம் இறங்கியது. நான்கு கோடு. ஃபோன் யாரையும் கேட்காமல் தானாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் மணி அடிக்கவில்லை.

டாக்டருக்கு அடுத்த கேஸ் விழுந்துவிட்டதா? அறுபது விநாடி. எழுபது. உத்தரவில்லாமல் போட்டுவிடலாமா என்று கை ஒரு அங்குலம் நகர்ந்தது. அதற்குள் அடித்தது.

"சொல்லுங்க," என்றார் இஃபாத். தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல்.

"நாடி எழுபத்தெட்டு. நெஞ்சு காயல டாக்டர். கொதிக்குது."

"ரெண்டு மடங்கு. போடுங்க."

போட்டான். திருநள்ளாறு தாண்டுவதற்குள் இன்னொரு தடவை. காரைக்கால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சுப்ராயனின் நெஞ்சு சத்தம் பாதி அடங்கியிருந்தது. கண்ணைத் திறந்து, தண்ணீர் என்று கேட்டார். நீலாயதாட்சி அழுதுகொண்டே அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அதைக் கேட்டதும் மதியழகன் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். காஜா ஒரு டீ வாங்கிவந்து கையில் கொடுத்தார். ஒன்றும் கேலி பேசவில்லை.

மூன்றாம் நாள் குஞ்சிதபாதம் கூப்பிட்டுவிட்டார். மேசையில் மெமோ இருந்தது. அழைப்பு டெக்னீஷியன் தரப்பில் துண்டிக்கப்பட்டுள்ளது. விளக்கம் தரவும்.

"ஒண்ணும் பயப்படாதே," என்றார் அவர். முகத்தில் அபூர்வமாக ஒரு சந்தோஷம். "அந்தப் பொண்ணு அனுப்பின ரிப்போர்ட்டு வந்திருக்கு. அந்தப் பாலத்துல தானாவே அறுக்கும்னு கம்பெனியே ஒத்துக்கிட்டான். மேல சொல்லிட்டேன். நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான். 'நெட்வொர்க் கோளாறால் துண்டிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. பழைய ரெண்டு மெமோவையும் சேத்து ரத்து பண்ணிடுறேன்."

மதியழகன் பேனாவை எடுத்தான். மூன்று மாதமாக இந்த ஒரு வரிக்காகத்தான் நாயாக அலைந்திருக்கிறான். அது உண்மையாக இருந்தபோது ஒருத்தனும் எழுத விடவில்லை. இப்போது அது பொய், எழுது எழுது என்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"சார், அந்த வரியை இன்னும் அழிக்கல. ஒப்புதல் வரல."

"வந்துடும்பா."

"வர்ற வரைக்கும் ராத்திரி ஷிஃப்ட்டு வண்டியும் அதே பாலத்துலதானே போகணும்? அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கோம்? லைனை விடாதே, பிடிச்சுக்கிட்டே இருன்னுதானே?"

"அது சட்டம் தம்பி. கட் பண்ணலாம்னு எழுத்துல வந்தாத்தான் மாத்த முடியும்."

"எழுத்துல யாரு கொடுக்கணும்?"

குஞ்சிதபாதம் மெமோவை அவன் பக்கம் நகர்த்தினார். மதியழகன் குனிந்து எழுதினான். 'ஆம். அழைப்பை நான்தான் துண்டித்தேன். முந்தைய இரண்டு முறையும் துண்டிக்கவில்லை. துண்டித்திருக்க வேண்டும். மேற்படி பாலம் சரியாகும்வரை ரைஸ்மில் வரும் முன் எல்லா டெக்னீஷியன்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் துண்டிக்க வேண்டும், டாக்டர் திரும்பக் கூப்பிட வேண்டும்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினான்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் கெட்டவர் இல்லை.

"இதை அனுப்பினா ஒனக்கு வேலை இருக்காது மதி. மூணாவது மெமோ. நீயே ஒத்துக்கிட்டே. நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா."

"அனுப்புங்க சார்," என்றான் மதியழகன். "நான் சொன்னது எல்லாம் நடுவுலயே அறுந்து போச்சு. இது ஒண்ணாவது போய்ச் சேரட்டும்."